வாத்து முட்டையில் விவிக்கம்!

"வாத்து முட்டையா? ஐயோ, கவிச்சி அடிக்குமே!" என்று மூக்கைப் பிடித்துக்கொள்ளும் சகோதரிகள் நம்மில் அநேகம் பேர். கோழி முட்டைக்கு உள்ள மதிப்பு, பாவம், இதற்குக் கிடையாது. ஆனால் இதையே கேக்கில் போட்டுப் பாருங்கள். வெளுத்த கேக்கும் பொன்னிறமாகிவிடும்!

புதுச்சேரியிலிருந்து கடலூர்ச் சாலையில் தெற்கே போனால் சீக்கிரமே அரியாங்குப்பம் வந்துவிடும். ஊரை ஒட்டி ஆறு. பக்கத்திலே, ரோமாபுரியோடு வாணிபம் நடத்திய அரிக்கமேடு. நம் பக்கத்துச் சீமையில் நெல் அறுத்த வயல்களில் வாத்துக் கூட்டங்களை ஓட்டி வந்து மேய்ப்பது பழைய வழக்கம். சிந்திய நெல்லும் நத்தையும் புழுவுமே அவற்றின் விருந்து. அந்தத் தீனியின் வாடைதான் சில சமயம் முட்டையிலும் தெரிகிறது.

1954-ல் பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியை விட்டுப் போய்விட்டது; ஆனால் விவிக்கம் போகவில்லை. மைதாவுக்குப் பதிலாக ரவை சேர்த்துச் செய்யும் கிறிஸ்துமஸ் கேக் அது. வயலின் முட்டையையும் இந்தக் கேக்கையும் நாம் சேர்த்து வைத்தால் என்ன?

அதற்கு முதல் விதி: முட்டையை எண்ணாதீர்கள், நிறுத்துப் போடுங்கள். கோழி முட்டை ஏறக்குறைய 50 கிராம் என்றால், வாத்து முட்டை 70 கிராம். மஞ்சள் கருவும் பெரிது, கொழுப்பும் அதிகம். ஆறு கோழி முட்டைக்கு ஆறு வாத்து முட்டை என்று போட்டால் கேக் ஈரம் கட்டிக் கனத்துப்போகும். நான்கு போதும். உடைத்து ஊற்றினால் ஏறக்குறைய கால் கிலோ வரும்.

ஆகவே கணக்கு சுலபம். ரவை, வெண்ணெய், சர்க்கரை ஒவ்வொன்றும் 250 கிராம். வாத்து முட்டை நான்கு. ரவையை இலேசாக வறுத்து ஆறவிட்டு, வெண்ணெயில் குழைத்துச் சில மணி நேரம் ஊறவிடுங்கள். உலர்ந்த திராட்சையை ரம்மில் ஊறவைப்பது அவ்வூர் வழக்கம். வேண்டாதவர்கள் ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைக்கலாம். மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு நன்றாக அடித்து ரவையில் கலந்து, முந்திரி, திராட்சை, ஜாதிக்காய்ப் பொடி, எலுமிச்சைத் தோல் துருவல், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்த்துக்கொள்ளுங்கள். வாத்து முட்டையின் வெள்ளைக் கரு கெட்டியானது, நுரைக்க நேரமாகும். சில துளி எலுமிச்சைச் சாறு விட்டுப் பொறுமையாக அடித்து, கடைசியில் மெதுவாகக் கலக்கவேண்டும். 170 டிகிரி சூட்டில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேகட்டும். நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வரவேண்டும்.

இரண்டாவது விதி இன்னும் முக்கியம்: முழுக்க வேகாத வாத்து முட்டை வாயில் படக்கூடாது. சேற்றிலும் நீரிலும் திரியும் பறவை அது. வாந்தி, பேதி, காய்ச்சலைக் கொண்டுவரும் ஸால்மொனெல்லா கிருமி இந்த முட்டையில் இருக்கக்கூடும். 2010-ல் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் வாத்து முட்டையால் இந்நோய் பலரைப் பிடித்தது. எனவே ஆஃப் பாயில், பச்சை முட்டையில் அடிக்கும் மயோனேஸ் இரண்டும் வேண்டவே வேண்டாம். அவிப்பதானால், தண்ணீர் கொதித்த பிறகு பன்னிரண்டு நிமிடமாவது விடுங்கள்.

விரிசல் விட்டதையும் சேறு அப்பியதையும் வாங்காதீர்கள். தண்ணீரில் போட்டு மிதந்தால் பழைய முட்டை என்று தெரியும். ஆனால் மூழ்கினால் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை. உடைத்த கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கோழி முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது ஒத்துக்கொள்ளும் என்றும் நம்பிவிடவேண்டாம். ஒரு வாத்து முட்டையில் சுமார் 600 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் உண்டு. கோழி முட்டையைப்போல மூன்று பங்குக்கு மேல். ஆகையால் தினப்படிக்கல்ல, விசேஷ நாளுக்கு.

மாவு கலக்கிய பாத்திரத்தை வழித்து நக்கக் குழந்தைகள் ஓடி வருவார்கள் அல்லவா? அன்று ஒரு நாள் மட்டும் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, பாத்திரத்தை உடனே கழுவப் போட்டுவிடுங்கள். கேக் வெந்ததும் முதல் துண்டை அவர்களுக்கே கொடுங்கள். கவிச்சி என்ற பேச்சே எழாது!