பாடநெறிப் பதிவும் மாணவர் பாதையும்: கலிபோர்ணியச் சமுதாயக் கல்லூரிகளின் தரவு அறிக்கையிடல் பற்றிய ஒரு நோக்கு

உயர்கல்வி நிறுவனங்கள் அரசுக்கு அனுப்பும் புள்ளிவிபரங்களைத் தொகுப்பது எழுதுவினைஞரின் கருமம் என்ற எண்ணம் கல்வியாளரிடையே பரவலாக உண்டு. கற்பித்தல் ஆசிரியருக்குரியது, கணக்கெடுத்தல் அலுவலகத்துக்குரியது என்னும் இப்பாகுபாடு மேலோட்டமாக நோக்குமிடத்துப் பொருத்தமானதாகவே தோன்றும். ஆயின், ஒரு பாடநெறியைப் பற்றிய பதிவில் இடப்படும் ஓர் எழுத்துக்கூடப் பல்லாயிரம் மாணவரின் நிலையை அரசு அறிவதையோ அறியாது விடுவதையோ தீர்மானிக்கவல்லது. இதனை, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கலிபோர்ணிய மாநிலத்துச் சமுதாயக் கல்லூரிகளின் அனுபவத்தைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலிபோர்ணியாவின் பொது உயர்கல்வி மூன்று பிரிவுகளாக அமைந்துள்ளது. 1960ஆம் ஆண்டின் பெருந்திட்டம் இவ்வமைப்பை வரையறுத்தது. உயர்நிலைப் பாடசாலையிலிருந்து வெளியேறுவோரில் முதல் எட்டில் ஒரு பங்கினர் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்துக்கும், முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் உரியவராயினர். கற்றுப் பயன்பெறக்கூடிய எவருக்கும் சமுதாயக் கல்லூரிகளின் வாயில் திறந்திருந்தது. இன்று 73 மாவட்டங்களில் 116 கல்லூரிகள் இயங்குகின்றன; ஏறத்தாழ 20 இலட்சம் மாணவர் அவற்றிற் பயில்கின்றனர். இங்கு இரண்டாண்டு கற்றபின் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் சென்று பட்டம் பெறுதல் வசதி குறைந்த குடும்பத்து இளைஞர்க்கு முக்கியமானதொரு பாதையாகும். இக்கல்லூரிகள் யாவற்றினதும் தரவுகளைத் திரட்டிப் பேணும் பொறுப்பு சாக்கிரமென்ரோ நகரிலுள்ள வேந்தர் அலுவலகத்தைச் சார்ந்தது.

பாடநெறி ஒன்று முதலிற் கல்லூரியின் பாடவிதானக் குழுவால் ஆராயப்பட்டு, மாவட்ட ஆளுகைச் சபையின் அங்கீகாரத்தைப் பெறுகின்றது. பின்னர் அது மாநிலப் பாடவிதானப் பேரேட்டில் இடம்பெற்றுத் தனக்கெனக் கட்டுப்பாட்டிலக்கம் ஒன்றைப் பெறும். அதன் பதிவில் ‘சி.பி.’ என்னும் முன்னெழுத்துடன் இலக்கமிடப்பட்ட பல கூறுகள் உள. பாடநெறியின் பெயர், அது சேரும் துறையைக் காட்டும் ஆறிலக்கக் குறியீடு, பட்டத்துக்குக் கணிக்கப்படுமா என்பது, பல்கலைக்கழகங்கள் அதனை ஏற்குமா என்பது, அதற்குரிய அலகுகள், தொழிற்கல்வியுடன் அதற்குள்ள தொடர்பு என்பன அவற்றுட் சில. தொழிற்கல்வித் தொடர்பைக் குறிக்கும் கூற்றில் மட்டும் ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை ஐந்து எழுத்துகள் வழங்குகின்றன. அவற்றுள் ‘ஏ’ தொழில் பழகுநர் பயிற்சியையும், ‘ஈ’ தொழிற்சார்பற்ற பாடநெறியையும் குறிக்கும்.

ஒவ்வொரு தவணை முடிவிலும் கல்லூரிகள் தம் கோப்புகளை வேந்தர் அலுவலகத்துக்கு அனுப்புகின்றன. இவை ஒன்றிலொன்று தங்கியவை. பாடநெறிக் கோப்பிற் காணப்படாத பாடநெறிக்கு வகுப்புப் பிரிவு ஒன்றைப் பதிய முடியாது. பதியப்படாத வகுப்புப் பிரிவில் எம்மாணவரும் சேர்ந்ததாகக் காட்டவும் முடியாது. இத்தகைய பொருத்தமின்மைகளைக் கணினி கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால், இலக்கணப்படி சரியாகவும் பொருட்படி தவறாகவும் உள்ள குறியீட்டைக் கணினி அறியமாட்டாது. ‘பி’ என வரவேண்டிய இடத்தில் ‘சி’ என்றிருப்பின், இரண்டும் அனுமதிக்கப்பட்ட எழுத்துகளாதலால் அது ஏற்றுக்கொள்ளப்படும். அங்கு பிழையைக் காணக்கூடியவர் அப்பாடத்தை நன்கறிந்த ஆசிரியர் ஒருவரே.

இதன் முக்கியத்துவத்தை உணர்த்துவது ‘சி.பி. 21’ என்னும் கூறாகும். பல்கலைக்கழக மட்டப் பாடநெறிக்கு எத்தனை படிகள் கீழே ஒரு பாடநெறி உள்ளது என்பதை இது காட்டும். கணிதத்தை எடுத்துக்கொள்வோம். இடைநிலை அட்சரகணிதம் ஒரு படி கீழ். அதன் எழுத்து ‘ஏ’. தொடக்கநிலை அட்சரகணிதம் இரு படிகள் கீழ், அது ‘பி’. அட்சரகணிதத்துக்கு முந்திய பாடநெறி ‘சி’, எண்கணிதம் ‘டி’. கல்லூரியிற் சேரும் மாணவன் வகுப்பிடல் தேர்வொன்றில் எடுத்த புள்ளிக்கேற்ப இப்படிகளுள் ஒன்றில் நிறுத்தப்படுவது நெடுங்கால வழக்கமாக இருந்தது.

படிக்கட்டின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்காற் காண்போம். மூன்று படிகள் கீழே 100 மாணவர் தொடங்குகின்றனர் எனவும், ஒவ்வொரு பாடநெறியிலும் 70 வீதத்தினர் தேறுகின்றனர் எனவும், தேறியோரில் 80 வீதத்தினர் அடுத்த படியிற் சேருகின்றனர் எனவும் கொள்வோம். முதற்படியில் 70 பேர் தேறுவர். அவருள் 56 பேர் அடுத்த படிக்குச் செல்வர். அங்கு 39 பேர் தேற, 31 பேர் மேலே செல்வர். அங்கும் 22 பேர் தேற, ஏறத்தாழ 18 பேரே பல்கலைக்கழக மட்டப் பாடநெறியை அடைவர். ஈற்றில் அதில் தேறுவோர் ஏறத்தாழ 12 பேர் மாத்திரமே. எந்த வகுப்பின் ஆசிரியரை வினவினும், தம் மாணவருள் பத்துக்கு ஏழு பேர் தேறினர் என்றே உரைப்பார். அவர் கூற்று உண்மையுமாகும். எனினும் நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பேர் வழியிலேயே மறைந்துவிட்டனர். வகுப்புதோறும் எடுக்கப்படும் தேர்ச்சி வீதம் இவ்விழப்பைக் காட்டாது. படிகளை ஒழுங்காக இணைத்துக் காட்டும் குறியீடு இருந்தாலன்றி, ஒரே மாணவனைப் படிக்குப் படி பின்தொடர்தல் இயலாது.

ஆயினும் இக்குறியீடு நெடுங்காலம் நம்பத்தக்கதாக இருக்கவில்லை. ஒரே தரத்துப் பாடநெறி கல்லூரிக்குக் கல்லூரி வெவ்வேறு எழுத்துகளைப் பெற்றிருந்தது. ஆகவே, 2009ஆம் ஆண்டளவில் கலிபோர்ணியச் சமுதாயக் கல்லூரிகளின் ஆசிரியர் பேரவை இப்பணியை ஏற்று, ஒவ்வொரு படியிலும் மாணவன் எய்தவேண்டிய ஆற்றல்களை விபரிக்கும் அளவுகோல்களை வகுத்தது. அவற்றுக்கேற்பக் கல்லூரிகள் தம் பாடநெறிகளை மீளக் குறியீடு செய்தன. பாடநெறியின் தரத்தைப் பாடத்துறை ஆசிரியரே நிர்ணயிக்கவேண்டும் என்னும் கோட்பாடு இதனால் வலுப்பெற்றது எனலாம்.

கலிபோர்ணியப் பொதுக்கொள்கை நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஆய்வு, கல்லூரிக்குப் புதிதாக வந்தோருள் ஏறத்தாழ 80 வீதத்தினர் கீழ்ப்படிப் பாடநெறி ஒன்றையாவது பயின்றனர் எனக் காட்டியது. 2017ஆம் ஆண்டு மாநிலச் சட்டமன்றம் 705ஆம் இலக்கச் சட்டமூலத்தை நிறைவேற்றிற்று. மாணவன் ஓராண்டுக்குள் பல்கலைக்கழக மட்ட ஆங்கிலத்தையும் கணிதத்தையும் முடிப்பதற்கான வாய்ப்பை இயன்றளவு உயர்த்துதல் கல்லூரியின் கடமை என அது விதித்தது. உயர்நிலைப் பாடசாலைப் பெறுபேறுகளே வகுப்பிடலுக்கு அடிப்படையாயின. 2019ஆம் ஆண்டு இலையுதிர்காலத் தவணையில், முதன்முறையாக அப்பாடங்களைப் பயின்றோருள் ஆங்கிலத்தில் 96 வீதத்தினரும் கணிதத்தில் 78 வீதத்தினரும் நேரடியாகப் பல்கலைக்கழக மட்டத்திலேயே தொடங்கினர்.

ஈண்டு ஒரு விடயம் ஊன்றி நோக்கற்பாலது. மேல்மட்டப் பாடநெறிகளின் தேர்ச்சி வீதம் அத்தவணையிற் சற்றுக் குறைந்தது. ஆனால் அவற்றில் தேறிய மாணவரின் தொகை பெருகியது. வகுப்பின் வீதத்தை மட்டும் நோக்குவோர் சீர்திருத்தத்துக்கு முந்திய காலத்தை வெற்றியெனவும் பிந்திய காலத்தை வீழ்ச்சியெனவும் மயங்க இடமுண்டு. மாணவனின் பாதை முழுவதையும் நோக்குவோர்க்கு உண்மை நேர்மாறாகத் தோன்றும். அதேவேளை, தேறாதோரும் முன்னரிலும் அதிகமாயினர் என்பதை மறைத்தலாகாது. அவர்க்கு வேண்டிய துணைவகுப்புகளை இனங்காண்பதற்காகவே ‘சி.பி. 26’ என்னும் புதிய கூறு பதிவிற் சேர்க்கப்பட்டது.

தரவுத்தளம் எல்லாவற்றையும் கூறிவிடும் என நாம் வாதிக்கவில்லை. படிக்கட்டின் எவ்விடத்தில் மாணவர் மறைகின்றனர் என்பதை அது காட்டும். அவர் வேலைக்குச் சென்றனரா, பணமின்றி நின்றனரா, மனமுடைந்து விலகினரா என்பதைக் குறியீடுகள் கூறமாட்டா. அவற்றை அறிய மாணவரையே அணுகவேண்டும். ஆயினும் எவரை அணுகுவது, எப்படியில் தேடுவது என்பதைத் தீர்மானிக்கவும் பிழையற்ற பதிவு இன்றியமையாதது. தம் பாடநெறி எத்தரத்தது என்பதைப் பதிவேட்டில் எழுதும் பொறுப்பை ஆசிரியர் கைவிடுவாராயின், அவருடைய வகுப்பைவிட்டு நீங்கிய மாணவன் அரசின் கணக்கிலும் காணாமற்போவான். ஆதலின், பாடநெறிப் பதிவும் கற்பித்தலின் ஒரு கூறே எனக் கொள்ளுதல் தகும்.