பாட்டியின் மூச்சும் ஒரு கோடித் துகளும்

மார்கழி விடியலில் திருவல்லிக்கேணி மாட வீதியில் கோலம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கோலமாவு விரலிடுக்கில் மணலாகச் சரிந்து இழையாக இறங்கும். வெறும் பச்சரிசி மாவோ விரலில் ஒட்டிக்கொண்டு திட்டுத்திட்டாக விழும். அதனால் இரண்டையும் கலந்துகொள்கிறார்கள். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் பொடி மருந்தின் சூட்சுமமும் இந்தக் கலவையில்தான் இருக்கிறது.

எங்கள் தெருப் பாட்டி ஒருவருக்குப் பல வருஷமாக வீசிங். பொடி மருந்துக் காப்ஸ்யூலான ரோட்டாகேப்பை உறிஞ்சிவிட்டு, "நாக்கு தித்திக்கறதே தவிர, மருந்து உள்ளே போறாப்ல தெரியலையேடா" என்பார். அந்தத் தித்திப்பு லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை. நுரையீரலின் நுண்குழாய்வரை போக, மருந்துத் துகள் 1 முதல் 5 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். அவ்வளவு சிறியதற்குத் தன் எடை ஒரு பொருட்டே அல்ல. ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் வான்டர்வால்ஸ் விசை அந்த எடையைப் போல் பல ஆயிரம் மடங்கு. காப்ஸ்யூலைக் கவிழ்த்தாலும் கொட்டாது. ஆகவே 50 முதல் 100 மைக்ரான் வரையுள்ள லாக்டோஸ் பரல்களின் மேல் மருந்தை ஒட்டவைத்து அடைக்கிறார்கள். உறிஞ்சும்போது மருந்து பரலைவிட்டுக் கழன்றாக வேண்டும். பரல் வாயிலும் தொண்டையிலும் தங்கிவிடும், அதனால் கெடுதல் இல்லை. கழலாத மருந்தும் அதோடு தங்கிவிடுகிறதே, அதுதான் நஷ்டம்.

எது கழற்றுகிறது? ஒரு நொடிக்குள் முடிந்துவிடும் கூத்து இது. கண்ணில் படாது. கணினியைத்தான் கேட்க வேண்டும். 1979இல் பீட்டர் கண்டல், ஓட்டோ ஸ்ட்ராக் இருவரும் மண், மணலுக்காக ஒரு முறையை வெளியிட்டார்கள். ஒவ்வொரு துகளையும் தனி உருண்டையாக வைத்து, எதன்மேல் இடிக்கிறது, எவ்வளவு விசை, அடுத்த கணம் எங்கே இருக்கும் என்று நியூட்டன் விதிப்படி கணக்கிட்டுக்கொண்டே போவது. ஒட்டுதலுக்கு 1971இல் ஜான்சன், கெண்டால், ராபர்ட்ஸ் தந்த சமன்பாடு கைகொடுக்கிறது. காற்றோட்டத்தைத் தனியே கணித்து இதோடு பிணைக்கிறார்கள். சும்மா ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்: ஆஸ்துமா மருந்தான சால்பியூட்டமால் 200 மைக்ரோகிராமை 3 மைக்ரான் துகள்களாக எண்ணினால் சுமார் ஒரு கோடி! அத்தனையையும் மைக்ரோநொடிக்கும் குறைந்த இடைவெளிகளில் பின்தொடர்வது பெரும் கணினிக்கும் பாரம். அதனால் ஒரேயொரு பரலையோ சிறு கட்டியையோ எடுத்துக்கொண்டு ஆராய்கிறார்கள்.

சிட்னியில் நடந்த இத்தகைய ஆய்வுகளில், காற்று உரித்தெடுப்பதைவிட, கட்டி சுவரில் போய் மோதி உடைவதுதான் பெரிய வேலையைச் செய்கிறது என்று தெரிந்தது. வாயில் வைக்கும் குழலுக்குள் இருக்கும் வலையின் அமைப்புகூட மருந்தின் கதியை மாற்றுகிறது. ஆனால் மோதலுக்கு வேகம் வேண்டும். ஸ்ப்ரே இன்ஹேலரில் அழுத்திய வாயு தள்ளிவிடும். பொடி உறிஞ்சும் கருவியிலோ நோயாளியின் மூச்சு ஒன்றே எந்திரம். மூச்சு முட்டுகிறவரிடமே மூச்சைக் கடன் கேட்கிற கருவி இது. கணினியில் நிமிடத்துக்கு 60 லிட்டர் காற்று என்று எண்ணைத் தட்டிவிடலாம். 30ஐத் தொடவே திணறும் பாட்டிக்கும் பொடி உடைகிறதா என்று பார்ப்பதைத்தான் நான் முதல் பரீட்சை என்பேன்.

உடைந்த துகள் உள்ளே போனபிறகு என்ன ஆகிறது? இங்கே கிண்டிப் பக்கம் சென்னை ஐஐடியில் மகேஷ் பஞ்சாக்னுலா குழுவினர், கோவிட் காலமான 2020இல், நுரையீரலில் உள்ளதைப் போன்ற, 0.3 முதல் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள நுண்குழாய்களில் நீர்த்திவலைகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். திவலை எவ்வளவு நேரம் உள்ளே நிற்கிறதோ அவ்வளவுக்குப் படிகிறது. கிருமி விஷயத்தில் இது கெட்ட செய்தி: மூச்சைப் பிடித்தால் ஆபத்து கூடும். மருந்துக்கு அதே விதி நல்லது. பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கச் சொல்வது இதற்காகத்தான்.

போன வாரம் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "முதல்ல மூச்சை வெளியே விடுங்கோ பாட்டி, கருவிக்குள்ளே ஊதாதீங்கோ." ஊதினால் மூச்சின் ஈரத்தில் பொடி கட்டிதட்டும், கடற்காற்றின் ஈரமே இங்கே போதாதா! பிறகு ஒரே இழுப்பு, ஆரம்பத்திலிருந்தே வேகமாக. விரல்விட்டுப் பத்து எண்ணினோம். கருவியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தார். காப்ஸ்யூல் ஓட்டின் மூலையில் வெள்ளையாய்க் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"மிச்சம் இருக்குடா" என்று மறுபடி மூடி, மூச்சை வெளியே விட ஆரம்பித்தார்.