அப்பனை அடைத்த பிள்ளையும் நாட்டை அடகு வைத்த அப்பனும்

ரெம்ப்ராண்ட் 1635இல் வரைந்த படம் ஒன்று பெர்லினில் இருக்கிறது. முஷ்டியை உயர்த்தி நிற்கிறான் ஓர் இளைஞன். ஜன்னலுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறார் ஒரு கிழவர். கெல்டர்ஸ் டியூக் அடால்ஃப், தான் சிறைவைத்த தகப்பனை மிரட்டுகிறான் என்றுதான் நெடுங்காலம் இதற்கு விளக்கம் சொன்னார்கள். பிறகுதான் இது விவிலியத்துச் சாம்சன், எதிரே இருப்பது மாமனார் என்றானது. படத்தின் பெயரை மாற்றிவிட்டார்கள், சரி. 'தகப்பனைச் சிறைவைத்த பாவி' என்கிற கதையாடலை மாற்றுவது அத்தனை லேசில்லை. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

கெல்டர்ஸின் பெரும்பகுதி இன்றைய நெதர்லாந்தில் இருக்கிறது. 1423இல் அதன் டியூக் வாரிசில்லாமல் செத்தபோது, அவரது சகோதரியின் பேரன், எக்மண்ட் குடும்பத்துப் பையன் ஆர்னால்டை அங்கிருந்த பிரபுக்களும் நகரங்களும் சேர்ந்து ஏற்றுக்கொண்டன. அவனுக்கு வயது பதின்மூன்று. பேரரசர் சிகிஸ்மண்டோ உரிமையை வேறொரு டியூக்குக்குக் கொடுத்தார். ஆக, ஆர்னால்டின் அதிகாரம் ரத்த உறவால் மட்டுமே வந்ததல்ல, நகரங்களின் சம்மதத்தாலும் வந்தது. இந்த இடம் முக்கியம். உரிமைச் சண்டை போராக நீண்டது. போருக்குக் கடன், கடனுக்கு அடகு, அடகை மீட்க வரி. 1444இல் லின்னிக்கில் தோல்வி வேறு. கொடுத்தவர்களுக்குக் கேள்வி வரத்தானே செய்யும்?

இனி குடும்பம். 1430இல் ஆர்னால்டுக்கு மணமுடிக்கப்பட்ட கிளீவ்ஸ் கேத்தரினுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பர்கண்டி டியூக் பிலிப்பின் சகோதரி மகள். 1440 வாக்கில் உட்ரெக்டில் அவளுக்காக உருவான பிரார்த்தனைப் புத்தகம் இப்போது நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. அதிலொரு படம்: சூசை மரம் இழைக்கிறார், மரியாள் தறியில் இருக்கிறாள், குழந்தை இயேசு நடைவண்டி தள்ளுகிறார். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்திலேயே கணவனும் மனைவியும் ஒட்டாமல் போயிருந்தார்கள். மூத்த மகள் மேரியை 1449இல் ஸ்காட்லாந்து மன்னன் இரண்டாம் ஜேம்ஸுக்குக் கட்டிக்கொடுத்தபோது சீதனம் தந்தது தகப்பனல்ல, பர்கண்டி. உறவென்பது இங்கே அதிகாரம் ஓடுகிற கால்வாய்.

1465 ஜனவரியில் மகன் அடால்ஃப் தகப்பனைப் பிடித்து பியூரன் கோட்டையில் அடைத்தான். தாய் மகன் பக்கம். நைமேகன் நகரமும் அவன் பக்கம். கிழவரைக் குளிரில் வெறுங்காலோடு நடத்திக் கூட்டிப்போனான் என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் கொமைன். ஆறு வருடச் சிறை. இதை நான் நியாயப்படுத்த வரவில்லை. கொடுமை கொடுமைதான்.

ஆனால் விடுதலை எப்படி வந்தது? 1471இல் பர்கண்டியின் புதிய டியூக் சார்லஸ், அடால்ஃபின் சகலை, தகப்பனை மீட்டு மகனை உள்ளே போட்டார். அடுத்த வருஷமே, மீட்கப்பட்ட தகப்பன் மூன்று லட்சம் ரைன் பொன்னுக்கு நாட்டையே சார்லஸிடம் அடகு வைத்தார். 1473 பிப்ரவரியில் ஆர்னால்ட் இறந்தார். பர்கண்டியின் 'தங்கக் கம்பளி' வீரர் கழகம் அடால்ஃபைக் குற்றவாளியாக்கியது. அதன் தலைவர் யார்? சார்லஸேதான். தந்தைமையின் புனிதம் காப்பாற்றப்பட்டது, நாடு கைமாறியது. நகரங்களின் சம்மதம் என்ன ஆயிற்று என்று எந்த ஓவியமும் கேட்கவில்லை. பிள்ளையின் பாவத்தைப் பேசப்பேச, அடகுச் சீட்டு கண்ணில் படாமல் போகிறது.

நைமேகன் எதிர்த்து நின்றது. ஜூலையில் சார்லஸின் படையிடம் விழுந்தது. அங்கிருந்த அடால்ஃபின் குழந்தைகளைக் கெண்ட் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். 1477இல் சார்லஸ் போரில் சாக, விடுதலையான அடால்ஃப் அதே வருஷம் டூர்னே முன்னால் சண்டையில் செத்தான். 1492இல் அவன் மகனை, அவன் பெயரும் சார்லஸ்தான், கெல்டர்ஸ்காரர்கள் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 1538இல் அவனும் வாரிசில்லாமல் இறந்தான். 1543இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் நாட்டை எடுத்துக்கொண்டார்.

இதில் என்னை உறுத்துவது ஒன்று. நாட்டைத் தகப்பன் சொத்தாக விற்க முடியாது என்று நின்ற நகரங்களும், கடைசியில் அதே குடும்பத்தின் இன்னொரு பிள்ளையைத்தான் தேடின. சம்மதம் தரவும் மறுக்கவும் தெரிந்தவர்களுக்கு, வாரிசில்லாத அதிகாரத்தைப் பேச மொழி கிடைக்கவில்லை. அந்த மொழி நமக்கு மட்டும் வாய்த்துவிட்டதா என்ன?