ஏலத்தோட்டத்து ஜீப்பும் பத்தாம் வகுப்பு அறிவியலும்

லோயர் கேம்ப் கண் விழிப்பதே ஜீப் சத்தத்தில்தான். கம்பத்திலும் கூடலூரிலும் ஆள் ஏற்றிக்கொண்டு வரும் ஜீப்புகள் விடிகாலையில் இங்கிருந்துதான் மலையேறும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாக உள்ளே பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். குமுளி தாண்டி இடுக்கி ஏலத்தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் இதே வழியாக இறங்குவார்கள். என் அம்மாவும் பல வருஷம் அப்படிப் போய் வந்தவர்.

நான் பத்தாம் வகுப்பு படித்தபோது ஒருநாள், ஜீப்பை விட்டு இறங்கிய அம்மா வீடு வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். முதல் நாள் மருந்தடித்த காட்டில் அன்றைக்குக் காய் எடுத்திருக்கிறார்கள்.

"என்னம்மா பண்ணுது?"

"ஒண்ணுமில்லடா. தல கிறுகிறுங்குது. வாயெல்லாம் எச்சியா ஊறுது. லைட்டு ஏன் இவ்வளவு மங்கலா எரியுது?"

வெயில் மயக்கம் என்று சொல்லி, பக்கத்து வீட்டு அத்தை உப்புப் போட்ட மோர் கொடுத்தார். அம்மா அப்படியே பாயில் சுருண்டு படுத்துவிட்டார்.

அந்த வாரம்தான் எங்களுக்கு நரம்பு மண்டலப் பாடம். 'அசிட்டைல்கோலின்' என்ற சொல்லைப் பிழையில்லாமல் எழுதி மார்க் வாங்கினேன். அம்மாவின் உடம்பில் அன்றிரவு நடந்தது அந்தச் சொல்தான் என்பது எனக்குத் தெரியவில்லை.

ஒரு நரம்பு சுரப்பியிடம் 'சுர' என்றோ தசையிடம் 'சுருங்கு' என்றோ சொல்ல வேண்டுமென்றால், அதன் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் கசியும். வேலை முடிந்த அடுத்த நொடியே ஒரு நொதி வந்து அதை உடைத்துப்போடும். குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் அந்த நொதியின் மேல் ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடுகின்றன. உடைக்க ஆளில்லாமல் அசிட்டைல்கோலின் தேங்குகிறது. எச்சில் சுரந்துகொண்டே இருக்கும், வியர்த்துக் கொட்டும், கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும். பாவை சுருங்கினால் உள்ளே போகும் வெளிச்சம் குறைகிறது. லைட் நன்றாகத்தான் எரிந்தது.

நரம்பு ரசாயனத்தால் பேசுகிறது என்பதை 1921ல் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்து நிரூபித்தார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து மற்றதன் மேல் விட்டார்; தொடாமலே அதன் துடிப்பும் குறைந்தது. 1936ல் அவருக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே 1936ன் கடைசியில், ஜெர்மனியில் பூச்சிமருந்து தேடிக்கொண்டிருந்த கெர்ஹார்ட் ஷ்ராடர், இந்த நொதியை முடக்கும் டாபூன் என்ற கொடிய நஞ்சைத் தயாரித்தார். தோட்டத்து டேங்கில் கலப்பது அந்தக் குடும்பத்து மருந்துதான். இந்தக் கதையை எனக்கு வகுப்பில் யாராவது சொல்லியிருக்கலாம்.

கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு வேதியியல் வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சைக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்து போர்டோ கலவை தயாரிப்பார்கள். அடிப்பதற்கு முன் தீட்டிய அரிவாளை அதில் முக்கி எடுத்துப் பார்ப்பார்கள். அலகில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு பற்றவில்லை, இலை கருகிவிடும் என்று அர்த்தம். பாடப்புத்தகம் இதை இடப்பெயர்ச்சி வினை என்கிறது. கொடிக்கு இப்படி ஒரு சோதனை செய்து பார்க்கத் தெரிந்த ஊரில், கொடிக்குக் கீழே நிற்கும் மனுஷ உடம்புக்கு ஒரு சோதனையும் தெரியாமல் இருக்கிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

பதினொன்றாம் வகுப்பில் உயிர் வேதியியல் என்று தனிப்பாடமே உண்டு. ஆனால் அது வெகு சில பள்ளிகளில்தான். பத்தோடு நிறுத்துகிறவர்களுக்கும், வணிகவியல் எடுக்கிறவர்களுக்கும் உடம்பைப் பற்றிப் பள்ளிக்கூடம் சொல்வது பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அதனால் அந்த வகுப்பிலேயே உடம்பின் வேதியியல் கைக்கு வந்துவிட வேண்டும்.

பெரிய ஆய்வகம் எதுவும் வேண்டாம். கட்டஞ்சாயாவில் கொஞ்சம் பெர்ரஸ் சல்பேட் கரைசலை ஊற்றச் சொல்லுங்கள். சாயா மைபோலக் கறுக்கும். தேயிலையின் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்வதை அந்தக் கறுப்பு காட்டிக்கொடுக்கும். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை ஏன் டீயோடு போடக்கூடாது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ அதற்கு ஏன் நல்ல துணை என்று அதற்குப் பிறகு விளக்கினால் ஜென்மத்துக்கும் மறக்காது. சோற்றுக்குப் பின்னாலேயே டீ குடிக்கும் அம்மாவின் ரத்தசோகை வரைக்கும் அந்தப் பாடம் வீட்டுக்கு நடந்து போகும்.

அடுத்து, ஒரு டார்ச். பக்கத்தில் இருப்பவரின் கண்ணில் அடித்தால் பாவை சுருங்கும், அணைத்தால் விரியும். இருட்டிலும் விரியாத பாவையைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதே பீரியடில் சொல்லிவிடலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முடிந்தால் மருந்து டப்பாவின் லேபிளைக் கையோடு கொண்டுபோக வேண்டும். நஞ்சின் கடுமைக்கேற்ப சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஒரு முக்கோணம் அதில் இருக்கும், மாற்றுமருந்தும் அச்சிட்டிருக்கும். இந்த வகை மருந்துகளுக்கு அது பெரும்பாலும் அட்ரோபின். தேங்கிய அசிட்டைல்கோலின் போய் ஒட்டும் இடத்தை அது அடைத்துக்கொள்கிறது.

இவை எண்ணெயில் கரையும் பொருள்கள், தோல் வழியாகவே உள்ளே இறங்கும். ஆகவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மருந்து பட்ட துணியைக் கழற்றிவிட்டு, உடம்பைச் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். எண்ணெயைச் சோப்பு எப்படிப் பிடித்து இழுக்கிறது என்பதும் பத்தாம் வகுப்புப் பாடம்தான். நான் அதையும் படம் போட்டு எழுதியிருந்தேன்.

காட்டுக்குக் கட்டிப்போன சேலையோடுதான் அம்மா அன்றிரவு முழுக்கப் படுத்திருந்தார்.