கடனோடு கட்டப்பட்ட கணக்கு

எமது பெரியோர் காணியை ஒற்றி வைத்த காலத்தில் கணக்கு எளிதாக இருந்தது. பணம் கொடுத்தவர் காணியைக் கையேற்று அதன் விளைச்சலை எடுத்துக்கொள்வார். அதுவே வட்டி. முதலைத் திருப்பிக் கொடுத்தால் காணி மீளும். தேசவழமைச் சட்டத்திலும் இந்த வழக்கம் இடம்பெற்றுள்ளது. ஒற்றியால் காணி இழந்த குடும்பங்களும் உண்டு என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் கடனின் விலை இரு தரப்பாரின் கண்முன்னே வயலில் நின்றது.

வங்கிக் கடனில் அப்படியல்ல. வட்டி வீதம் பெரிய எழுத்தில் இருக்கும். மற்றச் செலவுகள் வேறு தாள்களில் இருக்கும். அவற்றுள் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். கடன் கேட்டுப் போனால், "முதலில் எங்களிடம் ஒரு கணக்கைத் திறவுங்கள்" என்பார்கள். திறக்கும்போது அதற்குச் செலவு எதுவும் இல்லை. சில ஆண்டுகள் கழித்து அந்தக் கணக்குக்கே கட்டணம் கேட்டால் என்ன செய்வது? கடன் முடியாமல் கணக்கை மூடவும் முடியாதே.

இது ஸ்பெயின் நாட்டில் பெருந்தொகையான மக்களுக்கு நேர்ந்தது. எமது நாட்டில் நடைமுறைக் கணக்கு என்றால் காசோலைப் புத்தகம் வைத்திருக்கும் வியாபாரிகளின் கணக்கு என்றே பலர் எண்ணுவர். அங்கு அப்படியல்ல. சம்பளம், ஓய்வூதியம், மின்சாரக் கட்டணம் எல்லாம் வந்துபோவது அக்கணக்கிலேதான். வீட்டை ஈடு வைத்துக் கடன் எடுத்தவரின் மாதத் தவணையையும் கடன் கொடுத்த வங்கி, தன்னிடமுள்ள அவருடைய நடைமுறைக் கணக்கிலிருந்தே கழித்துக்கொள்ளும். எனவே கடனும் கணக்கும் சோடியாகவே போகும்.

அங்கு நெடுங்காலமாக வீட்டுக் கடன்களுள் பெரும்பாலானவற்றுக்கு வட்டி நிலையானதல்ல. யூரிபோர் என்றொரு வீதம் உண்டு. ஐரோப்பிய வங்கிகள் தமக்குள் கடன் கொடுக்கும் வீதம் அது. அதன் மேல் ஒப்பந்தத்தில் எழுதிய ஒரு சிறு பங்கைக் கூட்டினால் வருவதே கடன்காரர் கட்டும் வட்டி. 2014 ஜூனில் ஐரோப்பிய மத்திய வங்கி, தன்னிடம் வங்கிகள் வைக்கும் பணத்துக்கான வீதத்தைப் பூச்சியத்துக்குக் கீழே இறக்கியது. பணத்தை வைத்திருப்பவரே காசு கட்டும் நிலை! ஒரு வருட யூரிபோரும் 2016 பெப்ரவரி தொடங்கி 2022 வசந்தகாலம் வரை பூச்சியத்துக்குக் கீழேயே இருந்தது. கடன்காரருக்கு மகிழ்ச்சி, வங்கிக்கு வருமானக் குறைவு. கடன் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட வீதத்தை வங்கியால் தனியே மாற்ற முடியாது. ஆனால் கணக்கின் கட்டணம் வேறொரு ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதை மாற்றலாம்.

அப்படியே செய்தார்கள். அதுவரை இலவசமாக இருந்த கணக்குகளுக்குப் பராமரிப்புக் கட்டணம் வந்தது. சம்பளத்தை இங்கே வரவிடுங்கள், அட்டையால் இத்தனை தடவை பொருள் வாங்குங்கள், காப்புறுதி எடுங்கள் என்று நிபந்தனைகள் வந்தன. அவற்றை நிறைவேற்றாதவரிடம் சில பெரிய வங்கிகள் 2021இல் ஆண்டுக்கு 240 யூரோ வரை கேட்டன.

240 யூரோ சிறிய தொகையா? 1,00,000 யூரோ கடனை 25 ஆண்டுகளில் கட்டுவதாகவும், வட்டி 1 வீதம் என்றும் வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 377 யூரோ. 25 ஆண்டுகளில் கட்டும் மொத்த வட்டி ஏறத்தாழ 13,000 யூரோ. கணக்குக் கட்டணம் அதே காலத்தில் 6,000 யூரோ. வட்டியில் பாதிக்குச் சற்றுக் குறைவான தொகை வேறொரு வாசலால் வெளியேறுகிறது. வட்டியாவது முதல் குறையக் குறையத் தானும் குறையும். கட்டணம் குறையாது. கடனில் 10,000 யூரோ மட்டும் மிஞ்சியிருப்பவருக்கு அதே 240 யூரோ மேலும் 2.4 வீத வட்டிக்குச் சமம். சிறிய கடன்காரரையே இது கூடுதலாக அழுத்துகிறது.

இன்னொரு கெடுதியும் உண்டு. தவணைக்கென எண்ணிப் போட்ட காசிலிருந்து கட்டணம் முதலில் கழிந்துபோனால் தவணைக்குக் காசு போதாது. பிந்திய தவணைக்குத் தண்டமும் சேரும். தவறு செய்யாதவர் தவணை தவறியவர் ஆகிவிடுவார்.

சட்டம் என்ன சொல்கிறது? ஐரோப்பிய ஒன்றியத்தில், கணக்கின் நிபந்தனைகளை மாற்றும் வங்கி இரண்டு மாதங்களுக்கு முன்னரே அறிவிக்க வேண்டும். விரும்பாதவர் செலவின்றி விலகலாம். கேட்க நல்ல விதிதான். ஆனால் கடனால் கட்டுண்டவர் விலகிப் போவது எங்கே? கட்டிய மாட்டுக்குப் படலையைத் திறந்துவிட்ட கதைதான் இது.

2014ஆம் ஆண்டின் ஐரோப்பிய வீட்டுக் கடன் விதிமுறை இன்னும் சற்று ஆழமாகப் போகிறது. கடனோடு வேறு சேவைகளைக் கட்டாயமாகக் கட்டிவைப்பதை அது பொதுவாகத் தடுக்கிறது. ஆனால் கடனைக் கட்டுவதற்கென ஒரு கணக்கைத் திறக்கச் சொல்ல நாடுகள் வங்கிகளை அனுமதிக்கலாம் என்று ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. அப்படிக் கணக்குக் கட்டாயமானால் அதன் செலவையும் கடனின் மொத்தச் செலவில் சேர்த்துக் காட்ட வேண்டும் என்கிறது. எமது பார்வையில் இதுவே அவ்விதிமுறையின் மிகப் பயனுள்ள பகுதி. ஸ்பெயின் தனது 2019ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் இதை ஏற்றுக்கொண்டது.

ஸ்பெயின் மத்திய வங்கி ஒரு நிலைப்பாட்டையும் எடுத்தது. வங்கி வற்புறுத்தியதால், கடன் தவணையைக் கழிப்பதற்கு மட்டுமே வைத்திருக்கும் கணக்குக்குக் கட்டணம் அறவிடுவது நல்ல வங்கி நடைமுறை ஆகாது என்பது அது. "மட்டுமே" என்ற சொல்லில்தான் பலர் இடறினர். அதே கணக்கில் தண்ணீர்க் கட்டணத்தையோ அட்டையையோ சேர்த்தவருக்கு இந்தப் பாதுகாப்புக் கிட்டுவதில்லை. மத்திய வங்கியின் முடிவு வங்கிகளைக் கட்டாயப்படுத்துவதுமில்லை. வங்கி மறுத்தால் நீதிமன்றம் போக வேண்டும். 60 யூரோவுக்கு யார் வழக்காடுவார்?

இடம்பெயர்ந்த எமக்கு ஆர்வமூட்டும் வேறொரு செய்தியும் அங்கு உண்டு. 2014இல் வந்த இன்னொரு விதிமுறை, சட்டப்படி ஒன்றியத்தில் வசிக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கொன்றைப் பெறும் உரிமையைத் தந்தது. நிலையான முகவரி இல்லாதவரும் புகலிடம் கோரியவரும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஸ்பெயினில் 2019இல் அக்கணக்கின் கட்டணத்துக்கு மாதம் 3 யூரோ என்று உச்சவரம்பு வைத்தார்கள்.

இனி எமது பக்கம் வருவோம். பயிர்ச் செய்கைக்கோ வீடு திருத்தவோ கடன் எடுப்பவர்கள் இங்கும் பெரும்பாலும் அதே இடத்தில் சேமிப்புக் கணக்கொன்றைத் திறக்கிறார்கள். விவசாயியின் கையில் காசு சேர்வது பெரும்போக அறுவடையிலும் சிறுபோக அறுவடையிலும்தான். இடையிலுள்ள மாதங்களில் கணக்கு வற்றிக் கிடக்கும். குறைந்த மீதிக்குக் கீழே போனால் கட்டணம் கழிக்கும் கணக்காக இருந்தால், அது எம்மவரை வற்றிய மாதத்திலேயே பிடிக்கும். 1,00,000 ரூபாவை 12 வீத வட்டியில், குறையும் மீதிக்கு வட்டி கணித்து, முதலை 12 சம பங்குகளாகக் கட்டினால் வட்டி 6,500 ரூபா. மாதம் 100 ரூபா கணக்குக் கட்டணம் இருக்கும் என்று வைத்தால் அது 1,200 ரூபா. பத்து இலட்சம் எடுத்தவருக்கும் அதே 1,200தான்.

ஆகவே கையொப்பமிடு முன் கேளுங்கள்: இந்தக் கணக்குக் கட்டாயமா? குறைந்த மீதி எவ்வளவு? குறுஞ்செய்திக்கும் அட்டைக்கும் ஆண்டுக்கு எவ்வளவு? கடன் முடியுமுன் இக்கட்டணங்கள் மாறலாமா, மாறினால் எப்படி அறிவிப்பார்கள்? பதிலை எழுத்தில் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், வட்டி வீதத்தைக் கேட்பதற்கு ஒருவரும் கூசுவதில்லையே. வேண்டாத அட்டையை வேண்டாம் என்று சொல்லலாம். காரணம் விளங்காத கழிவு புத்தகத்தில் தெரிந்தால், கிளை முகாமையாளருக்கு எழுத்தில் முறையிட்டுப் பிரதியை வைத்திருங்கள். பதில் திருப்தி தராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதலாம்.

கடன் ஒப்பந்தத்தின் பிரதியையும் கட்டணத் தாளையும் காணி உறுதி வைத்திருக்கும் அதே பையில் வையுங்கள். வெள்ளம் வந்தாலும் வேறெது வந்தாலும் நாம் முதலில் தூக்கும் பை அதுதான்.