எழுதுகிறவர்களுக்கு ஓர் இடம்: விருது பெற்ற கறுப்பினக் கவிஞர் அமைப்பு

நூல் எழுதியவருக்கு விருது கொடுப்பது வழக்கம். அவர் எழுதுவதற்கு இடம் அமைத்துக் கொடுத்தவர்களுக்கு விருது கொடுப்பது அரிது. 2016ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் தேசியப் புத்தக அறக்கட்டளை அந்த அரிய காரியத்தைச் செய்தது. இலக்கியத் தொண்டுக்காக அது வழங்கும் விருதை அதற்கு முன் பெற்றவர்கள் லாரன்ஸ் பெர்லிங்கெட்டி (2005), மாயா ஏஞ்சலோ (2013) போன்ற தனிமனிதர்கள். 2016இல் அவ்விருது கறுப்பினக் கவிஞர்களுக்காக நடத்தப்படும் ‘காவே கானெம்’ என்ற அமைப்பைச் சேர்ந்தது.

கவிதைக்கான ஓர் அமைப்புக்கு ஏன் இவ்வளவு மரியாதை? இதற்கு விடை காண, அமெரிக்காவில் கறுப்பினத்தவர் எந்த நிலையிலிருந்து எழுதத் தொடங்கினார்கள் என்பதைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

பதினெட்டுப் பேரின் கையெழுத்து

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டு வரப்பட்டு, 1761இல் பாஸ்டன் நகரில் அடிமையாக விற்கப்பட்ட சிறுமி பிலிஸ் வீட்லி. வாங்கிய குடும்பத்தின் வீட்டிலேயே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு கவிதை எழுதினார். அவருடைய கவிதைகளை நூலாக்கப் பாஸ்டனில் முன்வருவார் இல்லை. 1773இல் அந்நூல் லண்டனில் வெளிவந்தது. அதன் முன்பகுதியில், “இக்கவிதைகளை எழுதியவர் இப்பெண்தான்” என்ற பொருளில் பாஸ்டன் பிரமுகர்கள் 18 பேர் கையெழுத்திட்ட சான்று அச்சிடப்பட்டிருந்தது. ஒரு கறுப்பினப் பெண்ணால் கவிதை எழுத முடியும் என்பதற்கே அன்று சாட்சி தேவைப்பட்டது.

காலம் மாறியது, ஆனால் மெதுவாகத்தான் மாறியது. அமெரிக்காவின் பெரும் பரிசுகளில் ஒன்றான புலிட்சர் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் கவிஞர் குவெண்டலின் புரூக்ஸ். ஆண்டு 1950. கவிதைக்கான அப்பரிசு அடுத்த கறுப்பினக் கவிஞரான ரீட்டா டவ் கைக்கு வந்தது 1987இல். இடையில் 37 ஆண்டுகள் ஓடிவிட்டன. மூன்றாமவர் யூசெப் கொமுன்யாகா, 1994இல்.

வகுப்பறையில் தனி ஒருவர்

இக்காலத்தில் பல்கலைக்கழகங்களில் கவிதை எழுதப் பயிற்சி தரும் வகுப்புகள் பெருகின. அங்கே சேர்ந்த கறுப்பின மாணவர் பெரும்பாலும் வகுப்பில் தனி ஒருவராகவே இருந்தார். அவர் வீட்டுப் பேச்சும், பாட்டி சொன்ன கதையும், தேவாலயத்துப் பாட்டும் உடன் படிப்பவர்களுக்குப் பழக்கமில்லாதவை. கவிதையைப் பற்றிப் பேச வேண்டிய நேரம், அதில் வரும் வாழ்க்கையை விளக்குவதிலேயே கழிந்துவிடும். எந்தச் சொல் வலுவாக இருக்கிறது, எந்த வரி தேவையில்லை என்று சொல்லித்தர ஆள் இருக்காது. கவிஞருக்கு வேண்டிய பயிற்சி அதுவல்லவா?

இந்தத் தனிமையை உணர்ந்தவர்கள் டோய் டெரிகாட், கார்னேலியஸ் ஈடி என்ற இரு கறுப்பினக் கவிஞர்கள். இத்தாலிக்குச் சென்றிருந்தபோது அவர்கள் பொம்பேயி நகரைப் பார்த்தார்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்து பின்னர் தோண்டியெடுக்கப்பட்ட பழைய ஊர் அது. அங்கே ‘சோகக் கவிஞரின் இல்லம்’ என்று அழைக்கப்படும் வீட்டின் வாசலில், சங்கிலியில் கட்டிய நாயின் உருவம் சிறு கற்களால் பதிக்கப்பட்டிருக்கிறது. அதன் கீழே லத்தீன் மொழியில் ‘காவே கானெம்’ என்ற எழுத்துகள். ‘நாய் ஜாக்கிரதை’ என்று பொருள். கவிஞரின் வீட்டைக் காக்கும் நாய், தாங்கள் தொடங்க நினைத்த அமைப்புக்கும் பொருத்தமான காவல் என்று இருவரும் கருதினார்கள். அவர்களுடைய சின்னத்தில் மட்டும் நாயின் சங்கிலி அறுந்திருக்கும்.

ஒரு வாரம், தினம் ஒரு கவிதை

1996ஆம் ஆண்டு கோடையில், நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றோரம் இருந்த ஒரு சமய மடத்தில் முதல் முகாம் நடந்தது. முகாம் ஒரு வாரம். தொடக்கத்தில் அனைவரும் வட்டமாக அமர்ந்து, தாம் யார், எதற்காக வந்தோம் என்று சொல்வார்கள். பிறகு ஒவ்வொருவரும் நாள்தோறும் ஒரு புதிய கவிதை எழுதிக் குழுவின் முன் வைக்க வேண்டும். பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. தேர்வு பெற்றவர் ஐந்து ஆண்டுகளுக்குள் மூன்று முறை வரலாம். ஆகவே பழையவரும் புதியவரும் கலந்திருப்பார்கள். அறிமுகம் நட்பாக வளரும். இப்படித்தான் எழுத வேண்டும் என்ற கட்டளையும் இல்லை. மரபு வடிவில் எழுதுபவரும் புதிய சோதனைகள் செய்பவரும் ஒரே மேசையில் அமர்வார்கள்.

1999இல் இவ்வமைப்பு முதல் நூலுக்கான பரிசையும் ஏற்படுத்தியது. முதல் பரிசுக்கு ரீட்டா டவ் தேர்ந்தெடுத்தது நட்டாஷா டிரெத்வேயின் தொகுப்பை. அது 2000இல் நூலானது. டிரெத்வே 2007இல் புலிட்சர் பரிசு பெற்று, 2012இல் நாட்டின் அரசவைக் கவிஞரும் ஆனார். பின்னர் அதே முதல்நூல் பரிசைப் பெற்ற டிரேசி கே. ஸ்மித் 2012இல் புலிட்சர் வென்று, 2017இல் அரசவைக் கவிஞரானார். கிரெகரி பார்ட்லோ (2015), டைஹிம்பா ஜெஸ் (2017), ஜெரிகோ பிரவுன் (2020) ஆகியோரும் புலிட்சர் வென்றனர். இந்த மூவரும் முகாமில் பங்கேற்றவர்கள்.

கணக்கு தெளிவானது. 2007க்கு முன் கவிதைக்கான புலிட்சர் பெற்ற கறுப்பினக் கவிஞர்கள் மூவர். 2007 முதல் 2020 வரை ஐவர். அந்த ஐவருமே இவ்வமைப்போடு தொடர்புடையவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

பிரிவினையா, பயிற்சியா?

எல்லாப் புகழும் இந்த ஓர் அமைப்புக்கே என்று சொல்வது சரியாகாது. டிரெத்வேயும் ஸ்மித்தும், 1988இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இளம் கறுப்பின எழுத்தாளர்கள் தொடங்கிய ‘டார்க் ரூம் கலெக்டிவ்’ என்ற குழுவிலும் இருந்தவர்கள். அவரவர் திறமையும் உழைப்பும் அவரவருடையவை. ஆனால் தனிமரம் தோப்பாகாது என்பதற்கு இது நல்ல சான்று.

ஓர் இனத்தாருக்கு மட்டும் தனி முகாம் நடத்துவது இன்னொரு வகைப் பிரிவினை ஆகாதா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் முகாம் ஒரு வாரத்தில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு கவிஞர் எல்லாருக்கும் பொதுவான உலகத்துக்குத்தான் திரும்புகிறார். அவர் நூல் எல்லாருக்கும் பொதுவான கடையில் விற்கிறது. எல்லாருக்கும் பொதுவான பரிசுக்குப் போட்டியிடுகிறது. சலுகை கேட்பதற்கல்ல, போட்டிக்குத் தயாராவதற்கே அந்த ஒரு வாரம்.

2022ஆம் ஆண்டு இவ்வமைப்புக்கு இன்னொரு மரியாதை கிடைத்தது. அமெரிக்க நூல் விமர்சகர்களின் தேசிய வட்டம், புத்தக உலகத்துக்குப் பங்காற்றும் நிறுவனங்களுக்கென டோனி மாரிசன் பெயரில் விருது ஒன்றை ஏற்படுத்தி, முதல் விருதையே காவே கானெமுக்கு வழங்கியது. 1993இல் நோபல் பரிசு பெற்ற மாரிசன், ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் ஆசிரியராக இருந்தபோது கறுப்பின எழுத்தாளர் பலரின் நூல்களை வெளிக்கொண்டு வந்தவர். தாம் நுழைந்த கதவைப் பின்னால் வருபவர்களுக்காகத் திறந்தே வைத்த அவர் பெயரில் அவ்விருது அமைந்தது மிகப் பொருத்தம்.

பிலிஸ் வீட்லிக்கு அன்று தேவைப்பட்டது 18 பேரின் சான்று. அவர் வழிவந்தவர்களுக்குத் தேவைப்பட்டது எழுதியதை வாசித்துக் காட்டச் சிலர், திருத்திச் சொல்லச் சிலர். இனி ஒரு கவிஞர் பரிசு பெற்றார் என்ற செய்தி வரும்போது, அவர் தம் முதல் கவிதையை யார் முன் படித்தார் என்றும் கேட்டுப் பார்ப்பது நல்லது.