தாழ்ந்த காரும் மேட்டுத் தடையும்

திருவாமாத்தூரிலிருந்து விழுப்புரத்துக்குச் சொந்தமாகக் கட்டிய ஸ்போர்ட்ஸ் காரில் போகலாமா? வேகத்தடைதான் தீர்மானிக்கும்.

இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் வளைந்த தடை 10 செ.மீ. உயரம், வண்டி ஏறியிறங்கும் திசையில் 3.7 மீட்டர் நீளம். அச்சுகளுக்கிடையே 2.6 மீட்டர் உள்ள கார் அதன்மேல் நிற்கையில் நான்கு சக்கரமும் மேட்டிலேயே இருக்கும். அடிவயிற்றை நோக்கி எழுவது வெறும் 5 செ.மீ. அதே உயரத்தில் யாரோ குறுகலாகக் கொட்டிய தடை என்றால் முழு 10 செ.மீ.யும் எழும். ஸ்பிரிங் அமுங்குவது தனி. 2012இல் அறிமுகமான டிசி அவந்தி என்ற இந்திய ஸ்போர்ட்ஸ் காருக்கு 17 செ.மீ. தரை இடைவெளி கொடுத்தது நம்மூருக்குச் சரியான முடிவு.

ஆனால் காரை உயர்த்தினால் ஈர்ப்பு மையமும் ஏறும். வளைவில் கார் சாயும். உடனே ஸ்பிரிங்கை இறுக்குவார்கள், இடுப்பு போகும். இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி-ரோல் பாரைத் தடிமனாக்குவதே மேல். இடம் வலம் வேறுபட்டு அசைந்தால்தான் அது முறுக்கிக்கொள்ளும். இரண்டு சக்கரமும் சேர்ந்து தடையேறும்போது குறுக்கே வராது.